புரோக்கர்கள் மன்னிக்கவும்

நேரடிப் பார்ட்டி என்றோர் இனம் உண்டு. தாம்பரத்தைச் சுற்றி எந்தத் தெருவில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை தொங்கினாலும், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அதன் கீழே ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும்; இறங்குபவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, "ஓனர்தானே? நடுவுல யாரும் இல்லையே?" என்பார். கல்யாணத்துக்குச் சமையல்காரர் வைப்பார், வருமான வரிக்கு ஆடிட்டர் வைப்பார், தலைமுடி வெட்டக்கூட ஆள் வைப்பார். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டுக்கு மட்டும் ஆள் வைக்க மாட்டார். எதற்கு வைக்க வேண்டும்? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே!

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி சத்தியநாதன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். இரண்டு வருடங்களில் முப்பத்தொரு வீடு பார்த்தவர். நுழைந்ததும் சுவரை விரலால் தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்கு என்ன பொருள் என்று அவர் மனைவி அமலராணிக்கு இன்றுவரை தெரியாது. சுவருக்கும் தெரியாது.

முப்பத்திரண்டாவது வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்தில் அமைந்தது. மே மாதம். ஜில்லென்று காற்று. வீட்டுக்காரர் ஷ்யாம்சுந்தர் மோர் கொடுத்தார்.

"அப்பா கட்டின வீடு சார். நான் ஒரே பையன். உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவங்க கைக்குப் போகணும்னுதான் வெயிட் பண்ணேன்."

விவரம் தெரிஞ்சவர்! அவ்வளவுதான், நம் சார் உருகிவிட்டார். நாலாவது தடவையும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியதும் வில்லங்கச் சான்றை ஆன்லைனில் தானே எடுத்து, அமலராணியின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"பாத்தியா? ஒரு வில்லங்கமும் இல்ல. புதன்கிழமை அட்வான்ஸ்."

அமலராணி இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஒரு வில்லங்கமும் இல்லை என்று யாராவது சொன்னாலே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அட்வான்ஸாகப் போகவிருந்ததோ இருவருடைய பி.எஃப். பணம். மறுநாளே புஷ்பத்துக்குப் போன் போட்டார்.

புஷ்பம் பதினெட்டு வருடம் பத்திரம் எழுதுபவரிடம் உதவியாளராக இருந்தவர். இப்போது வீடு வாங்குகிறவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறார். விற்கிறவரிடம் ஒரு டீகூடக் குடிப்பதில்லை. "குடிச்சா வாய் அவங்க பக்கம் பேசிடும்க்கா" என்பார்.

புதன்கிழமை புஷ்பத்தைப் பார்த்ததும் சத்தியநாதன் முகம் கோணியது.

"இவங்க எதுக்கு? நான்தான் எல்லாம் செக் பண்ணிட்டேனே!"

"சும்மா கூட வர்றேன் சார்" என்ற புஷ்பம், வீட்டுக்குள் நுழையவே இல்லை. எதிரே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மாரியிடம் போய் நின்றார்.

"அண்ணா, மழை வந்தா இங்க எப்படி?"

"இன்னாம்மா இப்படி கேட்டுட்ட? போன மழைல இந்த வூட்டு ஜன்னல் வரைக்கும் தண்ணி. நான் பொட்டிய தூக்கிகினு மாடிக்கு ஓடிட்டேன்."

சத்தியநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் நாலு தடவை வந்தேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ எங்க சார் கேட்ட? நீ செவுத்தயில்ல தட்டிகினு இருந்த!"

அதோடு மாரி நிறுத்தியிருக்கலாம். "வூட்ட விக்கிறாங்களா? ஓசூர் அக்கா ஒத்துகினாங்களா?" என்றும் கேட்டுவிட்டார்.

புஷ்பம் உள்ளே போனார். குரலை உயர்த்தவில்லை. "சார், அப்பாவோட வாரிசு சான்றிதழைக் கொஞ்சம் காட்டுங்க."

ஷ்யாம்சுந்தர் பீரோவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "அக்கா இருக்காங்க. பேசிக்கலாம்னு..."

"பேசி, கையெழுத்து வாங்கிட்டுச் சொல்லுங்க" என்றார் புஷ்பம்.

"சான்றுல எதுவுமே இல்லையே!" என்றார் சத்தியநாதன். குரல் பாதியாகிவிட்டது.

"பதிவானதுதான் சார் அதுல வரும். அக்கா எல்லாம் வர மாட்டாங்க."

திரும்பும் வழியில், பெருங்களத்தூரில் சத்தியநாதன் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, "எல்லாம் போயிருக்கும், ராணி" என்றார். பின்னால் இருந்த அமலராணி அவர் தோளில் கை வைத்தார்.

அதன்பின் புஷ்பம் நான்கு வீடு காட்டினார். இரண்டை அவரே வேண்டாமென்றார். முடித்துக் கொடுத்தால்தானே அவருக்குக் கூலி? இருந்தும் வேண்டாமென்றார். கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில், இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட். விற்பவர் சொன்ன விலைக்குச் சத்தியநாதன் தலையாட்டப் போனபோது, புஷ்பம் அவர் காலை மெதுவாக மிதித்துவிட்டு, லிஃப்ட் ஏன் குலுங்குகிறது என்று விசாரித்தார். விலை இறங்கியது.

இத்தனைக்கும் பிறகு நம் சார் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? புதுமனை ஜெபத்துக்கு வந்த சக ஆசிரியர் ஆஸ்டினிடம் அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்: "எல்லாம் நானே அலசிப் பாத்து முடிச்சதுப்பா. பேப்பர் தூக்கறதுக்கு ஒரு லேடிய வச்சிருந்தேன்."

சமையலறையில் புஷ்பத்துக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்த அமலராணிக்குப் புரையேறியது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மாரி பேசிக்கொண்டிருந்தபோதே, 'நானாக இருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன், இதற்கு ஓர் ஆள் வேறா?' என்று உங்களுக்குள் ஒரு குரல் சொல்லியிருந்தால், ஐயா, தயவுசெய்து அட்வான்ஸ் மட்டும் இந்த வாரம் கொடுத்துவிடாதீர்கள்.