ரெண்டுவாட்டியும் அறுபது பேரின் வெறும் வயிறும்

நோர்வூட்டிலிருந்து அட்டன் வரை எத்தனை தேயிலைத் தோட்டம் உண்டோ அத்தனையிலும் தேடிப் பாருங்கள் பிள்ளைகளே, அட்டை கடித்ததற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதன் எங்கள் ரெண்டுவாட்டிதான்.

ஒரு மழை நாள். வேலைக்குப் போக இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றோம். அவன் கணுக்காலில் ஓர் அட்டை வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கீழே விழுந்தது. நானென்றால் சுண்ணாம்பைத் தடவிவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன். இவன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு மதகில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

“டேய், பஸ் வருதுடா!”

“இரு மச்சான். ரத்தம் எத்தன நிமிஷத்துல ஒறையுதுன்னு பாக்கணும். அட்டையோட எச்சில்ல ஒறைய விடாத சரக்கு இருக்கு, தெரியுமா?”

பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. ஒருவழியாக “நின்னுருச்சு!” என்று அவன் கத்தியபோது எனக்குப் போன உயிர் திரும்பியது. உடனே மற்றக் காலை நீட்டினான். “இங்கயும் ஒண்ணு கடிச்சிருக்கு. நல்லதாப் போச்சு, ரெண்டாவது வாட்டியும் பாத்துருவோம்.”

எதையும் இரண்டு தரம் பார்த்தால்தான் நம்புவான். ஒரு கல்யாண வீட்டில், தாலி கட்டியது சரிதானா என்று கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இன்னொரு தரம் அட்சதை போட்டான். தேயிலைக்குள் பிறந்தவன், தேத்தண்ணீர் குடிக்கமாட்டான். வெந்நீர்தான். அதையும் ஊதிவிட்டு, இன்னொரு தரம் ஊதிவிட்டுத்தான் குடிப்பான்.

நானும் அவனும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். சாதாரணதரப் பரீட்சையில் கணக்குப் பாடம் என்னை உட்கார வைத்துவிட்டது. அவன் படித்துக்கொண்டே போனான். அவன் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிறவன் ஆனான், எல்லோரும் ‘சேர்’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஆள். நான் அதே ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவன் ஆனேன். வாசலுக்கு வெளியே அவன் எனக்கு மச்சான், உள்ளே வந்தால் சேர். அந்த ஒரு கதவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும்.

அது போதாதென்று, தலை நரைத்த பிறகு கண்டிக்குப் போய் மேற்படிப்பு வேறு தொடங்கினான்.

“அவரு இந்த வயசுலயும் படிக்கிறாரு. நீங்க பேப்பர்ல ராசிபலன் மட்டும் படிக்கிறீங்க” என்றாள் என் மனைவி.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் மகள் வாணி பள்ளிக்கூடத்தில் ‘நான் விரும்பும் பெரியவர்’ என்று கட்டுரை எழுதினாள். முதல் வரியிலேயே ரெண்டுவாட்டி மாமா. என்னைப் பற்றி ஏதாவது வருகிறதா என்று கடைசி வரி வரை தேடினேன். என் பெயர் கொப்பியின் மேலுறையில், தகப்பன் பெயர் எழுதுகிற இடத்தில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவன் ஆராய்ச்சி வந்தது. தோட்டத்து ஆட்களில் எத்தனை பேருக்குச் சீனி வியாதி என்று பார்க்க வேண்டும். அறுபது பேர் காலையில் வெறும் வயிற்றோடு வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைக் காம்பராவில், அதுதான் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம், மேசை போட்டோம். பெயர் எழுதுவது என் வேலை.

“சாப்பிட்டீங்களா?” என்று ரெண்டுவாட்டி ஒவ்வொருவரிடமும் கேட்டான்.

“இல்லீங்க.”

“உண்மையா சாப்பிடலயே?”

“சாமி சத்தியமா இல்லீங்க.”

ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளே, எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், காலைத் தேத்தண்ணீர் சாப்பாட்டில் சேராது. முகம் கழுவுகிற மாதிரி அதுவும் ஒன்று. இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்துவிட்டு, வெறும் வயிறு என்று மனதார நம்பி வந்து நின்றார்கள். சீனி உள்ளே போனால் இந்தச் சோதனை பிழையாகிப் போகும். வெந்நீர் குடிக்கிறவனுக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை.

எனக்குத் தெரியும். அன்று விடியற்காலையில் லயத்தில் ஒவ்வோர் அடுப்பிலும் கேத்தல் கொதித்ததைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போனால்தான் என்ன, குடியா முழுகிவிடும் என்று பேனாவை உருட்டிக்கொண்டிருந்தேன்.

பத்துப் பேர் முடிந்தது. பதினோராவது ராசம்மா அக்கா. தடுப்பூசி போடும் நாளில் தேயிலைச் செடிக்குள் போய் ஒளிகிற ஆள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

“குத்துங்க தம்பி. நம்ம லயத்துப் புள்ள பெரிய படிப்பு படிக்குதுன்னா இந்த வலிகூட தாங்க மாட்டேனா?”

“நிறுத்துடா!” என்று கத்திவிட்டேன். “எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திருக்காங்க!”

“அது சாப்பாடாங்க?” என்று வரிசை முழுக்க ஒரே குரலில் கேட்டது.

ரெண்டுவாட்டி ஊசியைக் கீழே வைத்தான். “ஒனக்கு எப்படா தெரியும்?”

“இப்பத்தான்.”

“எப்படா?”

“காலையிலேயே.”

“ஏன்டா சொல்லல?”

அத்தனை பேர் முன்னால், “பொறாமைடா” என்றேன்.

அவன் சத்தம் போடவில்லை. “எம்மேல பொறாமைன்னா என்னையக் குத்து. இந்தப் பத்துப் பேரு கையில எதுக்குடா குத்த விட்ட?” என்றான். அதற்கு அவன் என்னை அடித்திருக்கலாம்.

எல்லோரையும் அடுத்த ஞாயிறு தேத்தண்ணீரும் குடிக்காமல் வரச் சொன்னான். அதுதான் மாதத்தின் கடைசி ஞாயிறு. விடிவதற்கு முன்னே லயம் லயமாக நடந்து, அடுப்புக்கு அடுப்பு காவல் நின்றேன்.

“ஒங்க பொறாமைக்கு நாங்க தேத்தண்ணி இல்லாம கெடக்கணுமா?” என்று என் மனைவி கேட்டாள். கேத்தலைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அப்படியும் ஐம்பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். ஒரு ஆள் குறைந்தது. நானும் வெறும் வயிறுதான், கையை நீட்டினேன்.

மறுநாள் பொழுது சாய அவனே லயத்தில் என் வீட்டுக் காம்பராவுக்கு வந்தான். கையில் துண்டுக் காகிதம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒனக்குச் சீனி இருக்கு மச்சான். மூணு வாட்டி பாத்துட்டேன். மாறல.”

படிப்பு முடிந்து அவன் இப்போது கொழும்பில் பெரிய ஆய்வுகூடமொன்றில் பயிற்சியில் இருக்கிறான். மாதம் ஒரு தரம் ஊருக்கு வருவான். அவன் இடத்துக்கு வந்திருக்கிற தம்பி நல்ல பையன். “அண்ணே, சீனி பாக்குற நாள் பிந்திருச்சு, கையக் காட்டுங்க” என்று தினமும் கூப்பிடுகிறான். வீட்டிலும் ஏச்சு.

என் பொறாமை இன்னும் போகவில்லை, பிள்ளைகளே. ஆனால் வேறு ஒருவரிடம் இந்தக் கையை நீட்ட எனக்கு மனசு வரமாட்டேன் என்கிறது.