அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு நெஞ்சுவலி

எங்கள் பக்கத்தில் ஒருவன் பட்டப்பகலில் சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுக்கக் கூடாது. படுத்தால் ஆட்கள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிடுவார்கள்.

நான் படுத்தேன்.

நான் கொத்தனார். ஊர் இரணியல் பக்கம். பேச்சு குறைவு. சுவர் பூசுகிறவனுக்குப் பேச்சு எதற்கு?

அன்று சனிக்கிழமை. சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் பிடித்தது. உள்ளே யாரோ செங்கல் அடுக்குவது போல இருந்தது. வியர்த்தது. (வெயிலில் நின்றாலும் வியர்க்கும். அது அப்போது தோன்றவில்லை.)

உயிர் போகுமே என்று நினைக்கவில்லை. காங்கிரீட் போகுமே என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை என் வீட்டுக்கு மாடி காங்கிரீட். ஊருக்கெல்லாம் மாடி போட்டவன், தகரக் கூரைக்குக் கீழே கிடந்தேன். கூரைக்கென்று சேர்த்த பணம் பீரோவில் இருந்தது. மழை வருவதற்குள் போட்டாக வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கூரை அங்கேயே போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் வயிற்றுவலி என்று போனார். வயிறு சரியாகிவிட்டது. வாழைத்தோப்பு போய்விட்டது.

என் மச்சினன் செல்வினுக்குத் தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிதான். மனைவி லில்லியின் தம்பி. துபாயில் இருந்துவிட்டு, கழுத்தில் தடித்த தங்கச் சங்கிலியோடு வந்தவன். விலை குறைந்த எதையும் நம்பமாட்டான்.

ஆகவே யாருக்கும் சொல்லவில்லை. கூட வேலை செய்தவனிடம், "கடைக்குப் போயிட்டு வாறேன்" என்றேன். அது பொய்யில்லை. தக்கலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள்தான் அந்தக் கிளினிக் இருக்கிறது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால். டீக்கடை மாதிரி போர்டில் விலை எழுதிப் போட்டிருப்பார்கள். காய்ச்சலுக்கு இவ்வளவு, ஈசிஜிக்கு இவ்வளவு. எனக்கு அது பிடித்தது. நானும் கூலியை முதலிலேயே சொல்லிவிடுகிற ஆள்.

மாரடைப்பு வந்தவன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

டாக்டர் சின்னப் பெண்.

"என்ன செய்யுது?"

"நெஞ்சு."

"நெஞ்சு என்ன செய்யுது?"

"பிடிக்குது."

"காலைல என்ன சாப்பிட்டிய?"

"கிழங்கு."

(அவித்த மரச்சீனிக் கிழங்கு. அயிலை மீன் குழம்பு. அதற்கு மேல் பாதிப் பலாப்பழம். இதையெல்லாம் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.)

சட்டையைக் கழற்றிப் படுக்கச் சொன்னார்கள். கைக்கும் காலுக்கும் கிளிப். நெஞ்சு நிறைய ரப்பர் குமிழ். "அசையாதீங்க, பேசாதீங்க" என்றாள் நர்ஸ். பேசாதே என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேலே பார்த்தேன். சீலிங் பூச்சு மேடும் பள்ளமுமாக இருந்தது. சாகிற நேரத்திலும் கண் அங்கேதான் போனது.

டாக்டர் பேப்பரைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் அரை மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு எடுப்போம். அப்பிடியே படுத்திருங்க."

இன்னொன்று எதற்கு? நல்லா இருந்தால் ஒன்று போதாதா? மனதுக்குள் கம்பி கட்டின மாடி ஆட ஆரம்பித்தது.

அங்கே திரைச்சீலை முழுசாக மூடாது. இடுக்கு வழியாக ஒரு முகம் தெரிந்தது. எங்கள் சர்ச் சபையின் ஞானபாய் அக்கா. கையில் பொன்னி அரிசி.

"மக்கா பொன்னையா! உனக்கு என்னடே ஆச்சு?"

நர்ஸ் பேசாதே என்றிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். (மூடினால் போய்விடுவாள் என்று ஒரு கணக்கு.)

"அய்யோ, கண்ண மூடிட்டானே!"

அரிசிப் பை கீழே விழுந்தது. பிறகு போனில் அவள் குரல் கேட்டது. போன் இல்லாமலே இரணியலுக்குக் கேட்டிருக்கும்.

அரை மணி முடிவதற்குள் சபை வேன் வந்துவிட்டது. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. வாசலிலேயே ஆரஞ்சும் ரொட்டியும் எடுத்து, வரிசையில் நின்று பில் போட்டு வந்தார்கள்.

"பிள்ள, நெஞ்சுவலிக்காரரு எந்தப் பக்கம்?"

"அரிசி தாண்டி லெஃப்டு."

லில்லி அழுதுகொண்டே வந்தாள். "ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"கேட்டியளா, ஒண்ணுமில்லங்காவ! சாரத்துல இருந்து விழுந்து கை ஒடிஞ்சப்பவும் இவிய இதத்தான் சொன்னாவ!"

எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள். வந்தவர்களிடம் நான் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசியாகச் செல்வின் வந்தான். "அத்தான், எந்திரிக்காதீங்க. ஆம்புலன்ஸ் வெளிய நிக்கி. பெரிய ஆஸ்பத்திரில சொல்லியாச்சு, ஐசியுல பெட்டு ரெடி."

"இவருக்கு ஐசியு வேண்டாம் சார்" என்றாள் டாக்டர்.

"இம்புட்டு கம்மியா வாங்குற டாக்டரு என்னத்த கண்டுபிடிப்பிய? அரிசிக்கடைல வச்சா ஹார்ட்டு பாக்குறது?"

ஸ்ட்ரெச்சர் எண்ணெய் பாட்டில் அலமாரி வரை வந்துவிட்டது. நான் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். என் மாடியைப் பிடித்திருந்தேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வேனில் வந்திருந்த போதகர் கையைத் தூக்கினார். "முதல்ல ஜெபம்."

எல்லோரும் தலை குனிந்தார்கள். கடையில் ஓடிய பாட்டையும் நிறுத்தினார்கள். மாவு எடுக்க வந்தவர்களும் அப்படியே நின்றார்கள்.

"கர்த்தாவே, இந்த மகனுடைய நெஞ்சை அடைத்துக்கொண்டிருப்பது எதுவோ, அதை இந்த நிமிஷமே வெளியேற்றும்..."

வெளியேறியது.

அப்படி ஓர் ஏப்பத்தை நான் அதற்கு முன்னும் விட்டதில்லை, பின்னும் விட்டதில்லை. ரயில் வருவதுபோல் தூரத்தில் ஆரம்பித்து, ஸ்டேஷனில் நிற்காமல் போனது. கிழங்கு, மீன், பலாப்பழம் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன.

ஞானபாய் அக்கா கண்ணைத் திறக்காமலே, "ஆமென்!" என்றாள். சபை மொத்தமும் "ஆமென்!" என்றது.

நெஞ்சில் ஒன்றும் இல்லை. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டாவது படம் எடுத்தாள். அதுவும் சரியாக இருந்தது. "கேஸ் டிரபிள்தான்" என்றாள்.

செல்வின் விடவில்லை. "பெரிய டாக்டரு பாக்கட்டும், பிறவு நம்புறேன்." ஆம்புலன்ஸ் டிரைவரும் விடவில்லை. "ஆளு இல்லாம திரும்பினா எனக்குத்தான் ஏச்சு. யாரு பேஷன்ட்டு?" இருவரும் எண்ணெய் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டார்கள். செல்வின் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. டாக்டர் அவன் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"சார், உங்களுக்குத்தான் ரொம்ப ஏறியிருக்கு. கொஞ்சம் படுங்க, மாத்திரை தாறேன். இறங்கிரும்."

அரிசிக்கடை மாத்திரையை அவன் நம்புவானா? நேராக ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் கிளம்பியது. சபை வேன் பின்னால் போனது. என் தலைமாட்டில் வைத்த ஆரஞ்சுகளையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவனை இரண்டு நாள் வைத்து, உடம்பில் படம் எடுக்காத இடமில்லாமல் எடுத்தார்கள். கடைசியில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். துபாய் சங்கிலி இல்லாத கழுத்தோடு வந்தான்.

திங்கட்கிழமை என் மாடிக்குக் காங்கிரீட் நடந்தது.

சாயங்காலம் இப்போது மாடியில் உட்கார்ந்துதான் சாப்பாடு. நான் ஏப்பம் விட்டால், கீழே அடுக்களையில் இருந்து லில்லி "ஆமென்" என்பாள். பக்கத்து வீட்டிலும் ஒருவர் சொல்வார். செல்வின் வந்திருந்தால் மட்டும் ஆமென் கிடையாது. ஓர் ஆரஞ்சை உரித்து அவன் கையில் கொடுப்பார்கள்.