கத்தரீனம்மாள் எங்கேயும் வரமாட்டாள்

"இது புனிதர் இல்லை," என்றாள் ஏணி உச்சியில் நின்ற டாக்டர் லியோனோர். "ராணி."

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தியோலிந்தாவுக்குக் கையை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுக்கவில்லை. டாக்டர் விழுந்தால் ஏணி உடையும். ஏணி கோயில் சொத்து.

"இறங்குங்க டாக்டரம்மா," என்றாள். "கீழ வந்து சொல்லுங்க. அவங்க முகத்துக்கு நேரா சொல்லாதீங்க."

டாக்டர் என்றால் ஊசி போடும் டாக்டர் இல்லை. லிஸ்பனில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய படங்களைப் பார்க்கிறவள். அது தெரியாமல் காலையிலிருந்து அஸின்யால் கிராமத்தில் பாதிப் பேர் அவளிடம் முழங்காலைக் காட்டிவிட்டார்கள்.

கோயில் சாவி தியோலிந்தாவிடம் இருந்தது. சாவி இருக்கிறவள் சொல்வதுதான் அங்கே சட்டம். பீடத்துக்கு மேலே ஆளுயரப் படம்: முத்துமாலை போட்ட பெண், ஒரு கையில் குருத்தோலை, மறு கை உடைந்த சக்கரத்தின் மேல். சக்கரத்தில் வதைக்கப்பட்ட புனித கத்தரீனம்மாள். பிள்ளை வரம் கேட்டால் இல்லையென்று சொல்லாதவள். படத்தைச் சுற்றி, நேர்ச்சை நிறைவேறியவர்கள் தொங்கவிட்ட மெழுகுக் குழந்தைகள், காய்த்துக் குலுங்கும் மரம் மாதிரி.

டாக்டர் இறங்கி வந்து போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ஒரு வெள்ளிப் பதக்கம். ஒரு விசிறி. ஒரு பீங்கான் தட்டு. எல்லாவற்றிலும் ஒரே முகம், காதோரம் புடைத்துச் சுருண்ட அதே கூந்தல், அதே சின்ன வாய். இங்கிலாந்து ராஜாவைக் கட்டிக்கொண்டு போன, நம் போர்ச்சுகல் அரச குடும்பமான பிரகான்சா வீட்டுப் பெண் கத்தரீனா. தன் பெயர்கொண்ட புனிதர் மாதிரி வேஷம் கட்டிப் படம் வரைந்துகொண்டாள். உடனே அரண்மனைச் சீமாட்டிகள் எல்லாரும் ஆளுக்கொரு சக்கரம் கேட்டார்கள். அந்தப் படத்தின் நகல் ஒன்று எப்படியோ இந்த ஊருக்கு வந்து பீடமேறிவிட்டது.

லிஸ்பனில் இந்த ராணிக்கென்றே ஒரு கூடம் திறக்கப்போகிறார்கள். பதக்கம், விசிறி, தட்டு எல்லாம் வந்து சேர்ந்தாயிற்று. நடுச்சுவர் மட்டும் காலி.

"புனிதர் படம்னா நான் தொட முடியாது, அது வழிபாட்டுப் பொருள்," என்றாள் டாக்டர். "ராணி படம்னா அதுக்குக் கோயில்ல வேலை இல்லையே."

வாசலில் வேன் நின்றிருந்தது.

"யார் உங்களுக்குச் சொன்னது?"

"ஊர்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணாங்க. பேரு சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க."

அந்த 'ஒருத்தர்' மட்டும் கையில் சிக்கட்டும் என்று தியோலிந்தா அங்கேயே சபதம் போட்டாள். சிக்கும்வரை படத்தைக் காப்பாற்ற வேண்டுமே?

மறுநாள் காலை டாக்டர் அளவு நாடாவோடு வந்தபோது படத்தை ஊதாத் துணி மூடியிருந்தது. தவக்காலத்தில் புனிதர்களை மூடுவது வழக்கம்தான். ஆனால் அது அக்டோபர்.

"தவக்காலம் பிப்ரவரியில இல்ல வரும்?"

"லிஸ்பன்ல அப்படியா?" என்றாள் தியோலிந்தா. "இங்க கொஞ்சம் முன்னாடியே வந்துடும்."

டாக்டர் கோபப்படவில்லை. சாராயக் கடை மாடியில் அறை எடுத்தாள். தவக்காலம் முடியும்வரை இருப்பதாகச் சொன்னாள். அடுத்த இரண்டு நாளில் அந்த ஊதாத் துணி வினையாகிப்போனது. படத்தை மூடியதால் கல்யாணமான பெண்கள் கதவைத் தட்டிச் சண்டைக்கு வந்தார்கள். துணியை எடுக்க வேண்டியதாயிற்று.

சரி, மூடினால்தானே வம்பு, திறந்தே காட்டுவோம் என்று சாட்சிகளைத் திரட்டினாள். கத்தரீனம்மாள் வரத்தில் பிறந்தவர்கள், பெற்றவர்கள் எல்லாரையும் கோயிலுக்குள் வரிசையாக நிறுத்தினாள். எண்பது வயதுப் பன்றிக்காரர்கூட "நானும்தான்" என்று வந்து நின்றார். முதல் வரிசையில் தியோலிந்தாவின் தம்பி பெண்டாட்டி லுசீலியா. பேக்கரி வீட்டு மருமகள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, பாவாடையைப் பிடித்துக்கொண்டு மூன்று. ஐந்தும் பெண்கள். வழக்கம்போல அவள் வாயே திறக்கவில்லை.

"பாருங்க டாக்டரம்மா, அஞ்சு. இது ராணி கொடுக்கிற வரமா?"

டாக்டர் தயங்கிவிட்டுச் சொன்னாள். "அந்த ராணிக்குக் குழந்தையே கிடையாது. தரிச்சது எதுவும் தங்கல."

பன்றிக்காரர் தன் பிறப்பிலேயே சந்தேகம் வந்தவர்போல் தொப்பியைக் கழற்றினார்.

தியோலிந்தா மட்டும் அசரவில்லை. "தனக்குக் கிடைக்காததை ஊருக்கெல்லாம் கொடுத்திருக்காங்க. அதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்?"

அந்த ஒரு வாக்கியத்தை யாரோ போனில் பிடித்து அனுப்ப, வாரக் கடைசியில் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னால் எல்லை தாண்டி ஸ்பெயினிலிருந்தே பேருந்துகள். பேக்கரியில் ரொட்டி மத்தியானத்துக்குள் காலி. தியோலிந்தா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள், ஆயரின் செயலாளர் ஃபாதர் ஹிலாரியோ கறுப்புக் காரில் வந்து இறங்கும்வரை.

ஃபாதருக்குப் பூப்போன்ற குரல். இவ்வளவு அற்புதங்கள் செய்யும் படம் இப்படி ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கலாமா என்று வருத்தப்பட்டார். விசாரணை முடியும்வரை நகரத்துப் பேராலயத்தில் பத்திரமாக வைக்கலாம் என்று ஆயர் நினைக்கிறாராம்.

"விசாரணை எப்ப சாமி முடியும்?"

"திருச்சபைக்கு அவசரம் கிடையாதும்மா," என்று புன்னகைத்தார்.

பின்னால் இன்னொரு வேன் வந்து நின்றது.

தியோலிந்தாவின் மூளை பேய் வேகத்தில் வேலை செய்தது. ஃபாதரை ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். சாமி, உங்ககிட்ட மறைக்கக் கூடாது, இது புனிதரே இல்லை. இங்கிலாந்துக்கு வாழ்க்கைப்பட்ட ராணி. வெள்ளிப் பதக்கம் இருக்கு, விசிறி இருக்கு, தட்டே இருக்கு. இதைப் பேராலயத்தில் வைத்தால் ஆயருக்குத்தான் அசிங்கம்.

"ரொம்ப நன்றி," என்றது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். டாக்டர் லியோனோர். "இதை எழுத்துல தருவீங்களா?"

ராணி என்றால் லிஸ்பன். புனிதர் என்றால் பேராலயம். இரண்டு வேன்களும் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன, இரண்டு முதலைகள் மாதிரி.

தியோலிந்தா சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். நேராகப் போய்க் கோயில் வாசற்படியில் கால் பரப்பி உட்கார்ந்தாள். ஊரே கூடிவிட்டது.

"டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க. அந்தப் பொண்ணு இங்கிலாந்துல போய் இறங்கினப்ப அங்க உள்ளவங்க என்ன சொன்னாங்க?"

டாக்டருக்குப் பொய் வரவில்லை. பாவாடை நன்றாக இல்லை, கூந்தல் நன்றாக இல்லை என்று சிரித்தார்கள். வேதம் வேறு என்று முறைத்தார்கள். ராஜா தன் ஆசைநாயகியையே அவளுக்குத் தோழியாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"அதுக்கு இவ என்ன சொன்னா?"

"முடியாதுன்னு சொன்னாங்க. கடைசியில தோழியை ஏத்துக்க வேண்டியதாயிடுச்சு. வேதத்தை மட்டும் விடவே இல்லை."

"கேட்டீங்களா சாமி? புனிதரோ ராணியோ, எனக்குத் தெரியாது. நம்ம ஊர்ப் பொண்ணு. ஒரு தடவை அனுப்பி வெச்சுக் கண்ணீர் விட்டது போதும். மறுபடி எங்கேயும் வரமாட்டா. நானும் எந்திரிக்க மாட்டேன்."

ஃபாதரின் பூப்போன்ற குரல் இப்போது தடித்தது. ஆனால் அவளிடம் இல்லை, டாக்டரிடம். முந்நூறு வருஷம் ஜெபம் வாங்கிய படம் திருச்சபையுடையது என்றார். கையில் குருத்தோலை பிடித்தால் ராணி புனிதராகிவிட மாட்டாள் என்று டாக்டர் திருப்பிக் கொடுத்தாள். படத்தின் மேல் கைவைத்துப் பாருங்கள் என்றார் அவர். நீங்கள் வைத்துப் பாருங்கள் என்றாள் இவள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்:

"கோர்ட்டில் பார்த்துக்கலாம்."

தியோலிந்தாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. அவள் அப்பாவும் பக்கத்து நிலத்துக்காரரும் ஒரு சுவருக்காகப் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டு பேரும் செத்துப்போய்விட்டார்கள். சுவரும் விழுந்துவிட்டது.

தீர்ப்பு வரும்வரை படத்தை யாரும் அசைக்கக் கூடாது. இரண்டு வேன்களும் காலியாகவே திரும்பிப் போயின. ஊர் ஒயின் பீப்பாயைத் திறந்தது. பன்றிக்காரர் ஆடினார்.

தியோலிந்தா கோயிலுக்குள் வந்தாள். பின்னாலேயே கூட்டமும் வந்தது. போன் பண்ணிய துரோகி தபால்காரரா, சாராயக் கடைக்காரரா என்று ஒவ்வொரு முகமாக முறைத்தாள். இரண்டு பேரும் தங்கள் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள்.

"எவனா இருந்தாலும் சரி, தோத்துட்டான்," என்றாள். கோயிலில் இருந்ததிலேயே பெரிய மெழுகுவத்தியை எடுத்துப் படத்துக்குக் கீழே ஏற்றினாள். "கத்தரீனம்மா, இது நன்றிக்கு மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாம கேக்குறதையே இன்னைக்கும் கேக்குறேன். என் தம்பி வீட்டுக்கு ஆறாவது. பேக்கரிக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளை."

லுசீலியா கைக்குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்து, மெழுகுவத்தியை ஒரே ஊதில் அணைத்தாள்.

"போன் பண்ணது நான்தான் அண்ணி. உங்க வேண்டுதலை நிறுத்த முடியல, கத்தரீனம்மாளையாவது ஊரைவிட்டு அனுப்பிடலாம்னு பார்த்தேன்."