தாய்மாமன் பல்வரிசை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ராஜசேகரனைப் போல அழகாகச் சிரிக்க ஆள் கிடையாது. இது ராஜசேகரன் தானே எடுத்த முடிவு. நாற்பத்தெட்டு வயதில் பல்லுக்குக் கம்பி கட்டி, இரண்டு வருஷம் முறுக்கை மறந்து, கரும்பை மறந்து, தெப்ராவ் தொழிற்சாலையில் பட்ட கேலியையெல்லாம் பொறுத்துக்கொண்டு சம்பாதித்த வரிசை அது. கம்பியைக் கழற்றிய நாளிலிருந்து மனுஷன் வாயை மூடவில்லை. சாவுச் செய்தி வந்தால்கூட ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் வருத்தப்பட்டார்.

பல் டாக்டரம்மா ஒரு ரிட்டேய்னரையும் கொடுத்து அனுப்பியிருந்தார். பல்லின் அச்சில் செய்த, கண்ணாடி போன்ற மெல்லிய உறை. சாப்பிடும்போது கழற்றலாம். மற்ற நேரமெல்லாம் வாயில்தான் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கோணிவிடும். கழற்றினால் பெட்டிக்குள் வைக்க வேண்டும். போடாமல் விட்டால் பற்கள் பழைய இடத்துக்கே நடையைக் கட்டிவிடும். போட்ட முதல் வாரம் அவருக்கு ‘ச’ எல்லாம் ‘த’ ஆனது. பிறகு நாக்கு பழகி, குளறலும் நின்றுபோனது.

அக்கா மகள் ஷர்மினியின் கல்யாண நாள் வந்தது. காலையில் பெர்மாஸ் ஜெயா கோயிலில் தாலி, மாலையில் தெப்ராவ் மண்டபத்தில் விருந்து. விருந்தில் தாய்மாமன் பேச வேண்டும். எந்த வரியில் எத்தனை பல் தெரிய வேண்டும் என்பது வரை கண்ணாடி முன்னால் ஒரு மாதம் பயிற்சி எடுத்திருந்தார்.

புறப்படும்போது மனைவி பிரேமலா ரிட்டேய்னர் பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“சாப்பிடுறப்ப என்கிட்ட கேட்டு வாங்கிக்குங்க.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா? ஃபேக்டரில நூத்தியிருபது பேர மேய்க்கிறேன். ஒரு ரிட்டேய்னர மேய்க்கத் தெரியாதா?”

“போன மாசம் கார் சாவிய ஃப்ரிட்ஜுல மேய விட்டது யாரு?”

“அது வேற டிபார்ட்மெண்ட்லா.”

மத்தியானம் கோயில் பந்தியில் இலை போட்டார்கள். பிரேமலா அதே வரிசையில்தான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் பெட்டியைக் கேட்டால் மானம் போய்விடுமே? ராஜசேகரன் ரிட்டேய்னரைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி, அப்பளத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு முறை சோறு, மூன்று முறை பாயாசம். சாப்பாடு திருப்தி என்று காட்ட இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். தாய்மாமனே மரியாதை தெரியாமல் எழுந்துவிடலாமா? டிஷ்யூவையும் உள்ளே வைத்து, அழகாக மடித்து எழுந்தார்.

கை கழுவும்போதுதான் நாக்கு வெறும் பல்லைத் தொட்டது. திரும்பி ஓடினார். வரிசையில் ஓர் இலைகூட இல்லை. இரண்டு வருஷ உழைப்பு குப்பைப் பைக்குள் போய்விட்டது. பட்டு ஜிப்பாவின் கையைச் சுருட்டிக்கொண்டு கோயில் பின்பக்கம் கறுப்புப் பைகளுக்குள் இறங்கினார். இலை எடுக்கும் பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள்.

“என்னங்க தேடுறீங்க?”

“மோதிரம்.”

“மோதிரம் கையிலதானே இருக்கு?”

“இன்னொரு மோதிரம்மா!”

மூன்று பையைக் கவிழ்த்தும் கிடைக்கவில்லை. நிமிர்ந்தால் பிரேமலா நிற்கிறாள்.

“ஜிப்பா எல்லாம் சாம்பாரா இருக்கு?”

ரிட்டேய்னர் வாயில்தான் இருக்கிறது என்று இவளை நம்ப வைக்க வேண்டும். பதற்றத்தில் ஒரே ஒரு வழிதான் தோன்றியது. குளறல் நின்று மூன்று வாரமாகிறது என்பது தோன்றவில்லை.

“தும்மாதான் பிரேமா. தாம்பார் தெறித்திருத்து.”

“ரிட்டேய்னர் போட்டிருக்கீங்கல்ல?”

“போட்டிருக்கேன். தத்தியமா!”

பிரேமலா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தார். பொய்யை ஆரம்பித்தாகிவிட்டது, இனி நாள் முழுக்கக் குளறியாக வேண்டும். மண்டபத்துக்குப் போகும் வழியில் அவள் பெட்டியை நீட்டினாள். “பேச்சு குளறுது. கழட்டி இதுல வச்சிட்டுப் பேசுங்க.” வேண்டாம் என்று தலையாட்டினார். வாசலில் மறுபடி நீட்டினாள். மேடைப் படியில் மூன்றாவது தடவையும் நீட்டினாள்.

“வேணாம்னா விடேன்! டாக்டர் திட்டுவாங்க.”

மேடை ஏறினார். முதல் வரிசையில் பிரேமலா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லை.

“தபையோருக்கு வணக்கம்! என் அக்கா மகள் தர்மினி, மாப்பிள்ளையோட தந்தோதமா, தீரும் திறப்புமா வாழணும்...”

மண்டபம் குலுங்கியது. மேடையிலேயே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா லெட்சுமணன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது மைக்கிலேயே விழுந்தது. “அலமாக்! தாய்மாமன் ஃபுல்லா ஏத்திட்டாரு.”

ஆயுளில் ஒரு சொட்டு பீர் தொடாத மனுஷன். இறங்கி வந்ததும் யாரோ கையில் பாலில்லாத கோப்பி ஓ கொடுத்து, “குடிங்க அங்கிள், தெளிஞ்சிரும்” என்றார்கள். பல் மட்டும் பளிச்சென்று வரிசையாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

காரில் ஏறியதும் உடைந்துபோனார்.

“பிரேமா, தொலைச்சிட்டேன். எலையோட போயிருச்சு. என் பல்லு போச்சு.”

பிரேமலா பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். திறந்தார். உள்ளே ரிட்டேய்னர் பளபளவென்று இருந்தது.

“நீங்க எலைய மடிச்சிட்டு எழுந்திரிச்சதுமே எடுத்து, பச்சத் தண்ணில கழுவி வச்சிட்டேன். மூணு வாட்டி நீட்டுனேன். ஒரு வாட்டியாச்சும் திறந்து பாத்தீங்களா?”

ராஜசேகரன் பெட்டிக்குள் விரல் விட்டார். எடுத்து மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடியில் ஒருமுறை சிரித்துப் பார்த்தார். போன பெருமை பாதி திரும்பிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பீரமாகச் சொன்னார்.

“சரி சரி, நடந்தது நடந்துபோச்சு. சீட் பெல்ட்ட போடு.”

பிரேமலா பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “பாத்தீங்களா? ரிட்டேய்னர் போட்டாத்தான் உங்களுக்குப் பேச்சு சுத்தமா வருது.”