தட்டுக்காரர் தரம் உயர்ந்த கதை

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலின் நடுவில் நின்று தட்டுக்காரர் ஒரு சபதம் செய்தார்.

"இனிமே இந்த வீட்ல மங்கலா ஒரு படம் ஓடாது!"

யார் காதிலும் விழவில்லை. மனைவி பின்பக்கம் துணி துவைக்கும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அது சுற்றுகிற சத்தத்தில் யாருடைய சபதமும் எடுபடாது. அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க அந்த வீட்டில் இருந்த ஒரே ஜீவன் மகள்தான். அவளும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆகவே சபதத்தை இன்னொரு முறை செய்ய வேண்டியதாயிற்று. இந்தத் தடவை பின்பக்கமே போய், குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு.

"இல்ல... அந்தத் தட்டெல்லாம் ரொம்பப் பழசாயிடுச்சு. புது மாடல்ல மாத்திடலாமான்னு..."

"ஆமா, மாத்தத்தான் வேணும். ஒண்ணு நெளிஞ்சுபோய் மேஜைல நிக்க மாட்டேங்குது. குழம்பு ஒரு பக்கமா ஓடுது."

"நான் சினிமாத் தட்டைச் சொல்றேன்."

"நான் சோத்துத் தட்டைச் சொல்றேன். எது இல்லாம நாலு நாள் தாங்குவீங்கன்னு யோசிச்சுட்டு வாங்க."

யோசிக்க ஹாலுக்கே திரும்பி வந்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. குடியிருப்பில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. தட்டுக்காரர் என்றால் போதும். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பவர். நாள் முழுக்க இருட்டறையில் அடுத்தவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா? இல்ல, இது தெளிவா?" என்று கேட்பது பிழைப்பு. அந்த வியாதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

ஹாலில் ஒரு சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கப் படங்கள். முதலில் எல்லாவற்றையும் டேப்பாக வாங்கினார். பிறகு அதே படங்களை சிடியாக வாங்கினார். பிறகு அதே படங்களை டிவிடியாக வாங்கினார். ஒரே கதாநாயகன் அந்த வீட்டில் திரும்பத் திரும்பச் சுடப்பட்டு, ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் தெளிவாகச் செத்தான். மனைவி அந்த மொத்தச் சேகரிப்புக்கும் வைத்திருந்த பெயர் தட்டுமுட்டுச் சாமான். அவள் மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். எதைப் பார்த்தாலும் முதலில் காலாவதித் தேதியைத் தேடுகிற கண் அவளுக்கு. சில சமயம் அந்தப் பார்வையைக் கணவர் மேலும் திருப்புவாள்.

இப்போது வந்த வினை, புது டிவி. சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் பழைய தட்டைப் போட்டால் கதாநாயகியின் முகம் டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி ஊறிப்போய்த் தெரிந்தது. அத்தனை படத்தையும் ஃபோர்-கே தட்டாக மாற்றினால்தான் விமோசனம்.

சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தார்.

"டிவி எதுக்கு வாங்கினோம்?" என்று கேட்டாள் மனைவி.

"படம் பாக்க."

"இப்ப படம் எதுக்கு வாங்கணும்?"

"டிவிக்கு."

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் ஸ்பீக்கர் என்று ஒரு திட்டம் இருந்தது. வாய் வரை வந்ததைச் சோற்றோடு விழுங்கிவிட்டார்.

எதிர் வீட்டில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் குடியிருந்தார். அண்ணன் தம்பி இல்லாத தட்டுக்காரருக்கு மனசு விட்டுப் புலம்ப அந்த ஒரு கதவுதான். போய்ப் புலம்பினார். லிஃப்ட்காரர் கையில் பிடித்திருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டுப் பரிவோடு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீங்க கேக்கற முறையே தப்பு சார். வேணும்னு கேட்டா அக்கா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. நீங்க வேண்டாம்னு சொல்லிப் பாருங்க. அவங்களே வேணும்பாங்க."

"அதெப்படிய்யா?"

"லிஃப்ட் மாதிரிதான் சார். கீழே போற பட்டனை அமுக்கினாத்தானே அது நம்ம மாடிக்கு மேல ஏறி வருது?"

தட்டுக்காரருக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷமாகத் தப்பான பட்டனை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்!

மறுநாள் கடையில் முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் பெருமூச்சுவிட்டுப் பழகினார். முகத்தில் துறவுக் களை வருகிறதா என்று இடம் வலம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அலமாரியைப் பார்த்தபடி நின்று, பழகின பெருமூச்சை விட்டார்.

"எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடப் போறேன். சினிமாவே வேணாம்னு ஆயிடுச்சு எனக்கு."

மனைவி பதறிப்போய் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்புக்கு என்ன? நீங்க ஆசை ஆசையா சேத்ததாச்சே! இந்த அலமாரி காலியா கெடந்தா என்னால பாக்க முடியுமா?"

லிஃப்ட் ஏறி வரும் சத்தம் தட்டுக்காரர் காதில் கேட்டது.

"எதுக்கு உனக்கு வீண் செலவு..." என்று இன்னொரு முறை பட்டனை அமுக்கினார்.

"செலவு கெடக்குது. புதுசே வாங்கிக்கலாம். ஆனா எல்லாமே மாத்தணுமா, என்ன? வேலை விட்டு வந்ததும் தினம் ஒரு படம், ரெண்டு பேருமா உக்காந்து பாப்போம். கடைசி வரைக்கும் நீங்க முழிச்சிருந்து பாத்தீங்கன்னா அது அலமாரில மேல் தட்டு. அதைப் புதுசா வாங்கலாம். நடுவுல தூங்கிட்டீங்கன்னா கீழ்த் தட்டு. கீழ்த் தட்டுக்கு வந்தது வீட்டை விட்டுப் போயிடணும். சரியா?"

தட்டுக்காரர் சிரித்தார். "என் படத்துக்கு நான் தூங்குவேனா?"

முதல் நாள், உயிருக்கு உயிரான மலையுச்சிச் சண்டைப் படத்தைப் போட்டார். பெயர்கள் ஓடும்போது ஒவ்வொரு பெயரையும் மனைவிக்கு விளக்கினார். சண்டை எங்கே எடுத்தது, குதிரை யாருடையது, எல்லாம் சொன்னார். கதாநாயகன் ஊருக்குள் நுழைந்து, பஸ்ஸிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தான்.

"என்னங்க... எழுந்திருங்க. முடிஞ்சிடுச்சு."

"நான் எங்க தூங்கினேன்? கண்ணை மூடிக்கிட்டு சவுண்டைக் கவனிச்சேன்."

"அப்ப சரி. வில்லன் எப்படிச் செத்தான்?"

"இது ஒரு கேள்வியா? மலை மேலேர்ந்து உருண்டு."

"அவன் சாகவே இல்லை. திருந்தி டாக்டராயிட்டான். கடைசில அவன்தான் ஆபரேஷனே பண்றான்."

மலையுச்சி கீழ்த் தட்டுக்கு இறங்கியது.

அடுத்த நாள் குடும்பப் படம். இரண்டு காபி குடித்துவிட்டு உட்கார்ந்தார். காபி அவரைத் தாலாட்டியது. அதற்கடுத்த நாள் துப்பறியும் படம். முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டார். கொலை நடப்பதற்கு முன்பே குளிர்ச்சியாகத் தூங்கினார். முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். உச்சக்கட்டத்தில் கதாநாயகன் பள்ளத்தில் குதித்தபோது இவரும் தரையில் விழுந்தார். கடைசியில் நின்றுகொண்டே பார்ப்பது என்று முடிவெடுத்து, சுவரில் சாய்ந்து, குதிரை மாதிரி நின்றபடி தூங்கினார்.

மனைவியோ ஒரு படம் விடாமல் பார்த்தாள். சிரித்தாள். மூக்கைச் சிந்தி அழுதாள். "அடப்பாவி, அவ பேச்சைக் கேக்காதடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். அவருடைய குறட்டைக்கு மேலே கேட்கவேண்டுமே என்று டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

மேல் தட்டில் தூசிதான் இருந்தது.

ஒரு நாள் கடை இருட்டறையில் உட்கார்ந்திருந்தபோது தட்டுக்காரருக்கு அந்த உண்மை உறைத்தது. அந்தப் படங்களில் பாதியை அவர் முழுசாகப் பார்த்ததே கிடையாது. புதுசாக வாங்குவார். மேலே சுற்றியிருக்கிற காகிதத்தை நகத்தால் கீறிப் பிரிப்பார். உள்ளே முகர்ந்து பார்ப்பார். இடம் பார்த்து அடுக்குவார். லீவு நாளில் எடுத்துத் துடைத்து மறுபடி அடுக்குவார். சினிமாப் பைத்தியம் என்று ஊரே சொன்னதை இவரும் நம்பிவிட்டார். அந்தப் பைத்தியமும் இல்லையென்றால் மிச்சம் என்ன இருக்கிறது? கண் பார்க்கிற ஆள் ஒருத்தர், தலை நரைத்தவர், உட்கார்ந்தால் தூங்குகிறவர்.

"எது சார் தெளிவு? இதுவா, முன்னாடி போட்டதா?" என்று எதிரில் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தவர் இவரிடம் கேட்டார்.

"எனக்கு எதுவுமே தெளிவா இல்லை சார்" என்றார் தட்டுக்காரர். அந்த வாடிக்கையாளர் எழுந்து வேறு கடைக்குப் போய்விட்டார்.

துக்கம் தாங்காமல் அன்றைக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. உள்ளே புத்தம் புது அலமாரி ஒன்று. அதில் வரிசையாக, அவர் அடுக்குகிற அதே வரிசையில், அவருடைய படங்கள்.

"என்னய்யா இது?"

"அக்காதான் சார் குடுத்தாங்க. பேசினபடி."

"பேசினபடியா?"

லிஃப்ட்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மனசுல வெச்சுக்காதீங்க சார். 'வேண்டாம்னு சொல்லிப் பாருங்க'ன்னு சொன்னேனே, அந்த யோசனையே அக்கா சொல்லிக் குடுத்ததுதான். நான் வெறும் லிஃப்ட் சார். யார் பட்டனை அமுக்கினாலும் போவேன்."

தட்டுக்காரர் திரும்பி நடந்தார். எதிர் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே இருந்த நாலடி தூரம் அவருக்கு நாடு கடத்தப்பட்ட தூரமாக இருந்தது. ஆனால் சொந்த வாசல்படியில் கால் வைத்ததும் ரோஷம் பொங்கியது. ஒரே ஒரு படம். ஒரே ஒரு படத்தையாவது மேல் தட்டில் ஏற்றிக் காட்டாவிட்டால் தான் ஒரு ஆளா? தூக்கமே வராத படம். அவளாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாத படம்.

நாற்காலி போட்டுப் பரண் மேல் ஏறினார். தும்மலும் இருமலுமாக இறங்கியபோது கையில் ஒரு பழைய டேப்பும், தகர டப்பா ஒன்றில் ஃபிலிம் சுருளும் இருந்தன. அவர்களுடைய கல்யாணப் படம். விளம்பரப் படக் கம்பெனியில் கேமராக்காரராக இருந்த அவருடைய சித்தப்பா ஃபிலிமிலேயே பிடித்தது. பிறகு ஒரு ஸ்டுடியோவில் அதைத் தேய்த்து, மங்கலாக்கி, மேலே ஒரு பாட்டைப் போட்டு டேப்பாக்கிக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னிக்கு இந்தப் படம்" என்றார்.

மனைவியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "அது எதுக்குங்க இப்ப?"

பழைய டேப் மெஷினைத் துடைத்து டேப்பைப் போட்டார். இமைக்காமல் உட்கார்ந்தார். புகைமூட்டத்துக்குள் கல்யாணம் நடந்தது. அவருக்குப் பிடித்த இடம் வந்தது. மணப்பெண் தன் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிற இடம்.

தட்டுக்காரர் திரையைச் சுட்டிக்காட்டினார். "இதைப் பாத்துத்தான் அன்னைக்கே முடிவு பண்ணேன். இவளை இனிமே அழவே விடக்கூடாதுன்னு. உன்கிட்ட எத்தனை தடவை தோத்திருக்கேன், ஏன்னு நெனச்சே? இந்த ஒரு காட்சிக்காகத்தான்."

மனைவி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்தது. அவர் முழித்திருந்தார். "கேளு. எந்தக் கேள்வி வேணும்னாலும் கேளு!"

"இது பழசாவே இருக்கட்டுங்க. வேற எதையாவது..."

"கடைசி வரைக்கும் முழிச்சிருந்தேன். மேல் தட்டு! புதுசா மாத்தியாகணும். நீ போட்ட சட்டம்தான்."

"மங்கலா இருந்தாத்தான் கல்யாணப் படம் அழகு."

"கண்ணு பாக்கறவன்கிட்ட மங்கல் அழகுன்னா சொல்றே?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஜெயித்த முதல் வாக்குவாதம் அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஃபிலிம் சுருளைக் கடைவீதியில் பழைய படங்களை மாற்றித் தரும் இடத்தில் கொடுத்தார். அவர்கள் அதைக் கழுவி, துடைத்து, ஒவ்வொரு கட்டமாகப் படியெடுத்துப் புதுத் தட்டில் போட்டுத் தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரரையும் கூப்பிட்டார். துரோகிக்கும் தெரியட்டும், வீட்டில் யார் சொல் நடக்கிறதென்று.

படம் தொடங்கியது. சுருளில் ஒலி கிடையாது, ஆகவே பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஆனால் என்ன தெளிவு! ஜமக்காளத்தின் நூல் தெரிந்தது. அவர் தலையில் அப்போது இருந்த முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"பாத்தியா? ஃபோர்-கேன்னா இதுதான்!"

அந்த இடம் வந்தது. மணப்பெண் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். தோள் குலுங்கியது. தட்டுக்காரர் கைக்குட்டையைத் தயாராக எடுத்துக்கொண்டார். மணப்பெண் லேசாக முகத்தைத் திருப்பினாள். கன்னத்தில் கண்ணீர் இல்லை. துளிகூட இல்லை. முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்து, அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

தட்டுக்காரர் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். அதே பல். லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே மும்முரமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அழவே இல்லை" என்றார் தட்டுக்காரர்.

"அதான் பழசாவே இருக்கட்டும்னேன்."

"அக்கா காதுல என்ன சொன்னே?"

"விடுங்க. அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

அவள் அவர் கையிலிருந்த கைக்குட்டையை எடுத்து, மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"'கவலைப்படாதக்கா, இவர் ரொம்ப சுலபம்'னு சொன்னேன்."