தும்மலோடு எடுத்த உறுதிமொழி

அன்புள்ள மைத்துனர், வக்கீல் அவர்களுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம். ஆனால் என்னோடு பேசுவதில்லை. நான் நலமில்லை, ஆனால் ஊரே என்னோடு பேசுகிறது, விசாரிக்கிறது, சிரிக்கிறது. நீயும் மனைவி மக்களும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவனை மாட்டிவிட்டவனுக்கு என்ன குறை? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் எதற்காகக் கவுன்சிலர் ஆனேன் என்பது உனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். எங்கள் தெருக்கோடியில் வாய்க்கால் மேலிருந்த நடைபாலம் இடிந்து விழுந்ததும் உன் அக்காவின் தையல் கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. பஸ் நிலையம், சந்தை, ஜனங்கள் எல்லாம் அந்தக் கரையில். உன் அக்காவும் நாலு தையல் மெஷினும் இந்தக் கரையில். "பாலம் வரலைன்னா கடையை மூடிட்டு என் தம்பி வீட்டுக்கே போயிடறேன்" என்றாள். உன் நலனையும் உத்தேசித்துத்தான் தேர்தலில் நின்றேன், ஜெயித்தேன். ஜெயித்து என்ன? கூட்டத்தில் நான் பாலம் என்று வாயைத் திறந்தாலே சிமெண்ட் கடைக்காரக் கவுன்சிலர், "ஆட்சேபிக்கிறேன்" என்பார். பாலம் கட்டினால் சிமெண்ட் விற்குமே என்றுகூட யோசிக்காத மனுஷன். நான் போட்டுக்கொடுத்த கண்ணாடி அவருக்குத் தலைவலி தருகிறதாம், அந்தக் கோபம். நகரமன்றச் செயலாளரைக் கேட்டால், "அக்கரையில பாலம் இறங்கணும்னா மயானத்து மதிலை இடிக்கணும் சார், மயானக் குழு அனுமதி இன்னும் வரலை, பரிசீலனையில இருக்கு" என்பார். இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் நகரமன்றக் கட்டடத்து வராந்தாவில் என் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மயானக் குழு அறையிலிருந்து அதன் எழுத்தர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தலைவர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டாராம், மிச்சமிருக்கும் இரண்டு உறுப்பினர்களில் ஒருவருக்குக் காது கேட்காதாம், இன்னொருவர் தலைவராக மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாராம், தலைவர் இல்லாமல் புல் வெட்டக்கூட ஆள் வைக்க முடியவில்லையாம். "சும்மா ஒரு உறுதிமொழிதான் சார். அங்க இருக்கறவங்க யாரும் வந்து புகார் பண்ண மாட்டாங்க" என்றார். எதற்கும் உன்னைக் கேட்டுக்கொள்ளலாம் என்று போன் செய்தேன். அன்றைக்கு மட்டும் அதிசயமாக எடுத்தாய். எதையோ மென்றுகொண்டே, "கௌரவப் பதவிதானே அத்தான், ஒண்ணும் ஆகாது, ஏத்துக்கங்க" என்றாய். சட்டம் படித்த வாய்! உள்ளே போனேன், ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிற நான் என் கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அடியில் எறும்பு ஊர்வது போல் ஏதோ பொடி எழுத்து, அதை யார் பார்த்தார்கள்? எழுத்தர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். 'மனசாட்சிப்படி' என்ற இடத்தில் அந்த அறைத் தூசிக்கு ஒரு தும்மல் வந்தது. தும்மிவிட்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். காது கேட்காதவர்தான் பலமாகத் தட்டினார்.

வெளியே வந்தால் செயலாளர் நிற்கிறார், கையில் சட்டப் புத்தகத்தோடு.

"வாழ்த்துக்கள் சார். உங்க கவுன்சிலர் பதவி காலி."

"நான் ராஜினாமாவே பண்ணலையே!"

"பண்ண வேண்டியதில்லை சார். ஒருத்தர் ரெண்டு உள்ளாட்சிப் பதவி வச்சுக்கக் கூடாது. ரெண்டாவதுல உறுதிமொழி எடுத்ததுமே முதல் பதவி தானா போயிடும்."

"அப்ப இதை விட்டுடறேன்."

"தாராளமா விடலாம். ஆனா அது திரும்பி வராது. உங்களுக்கு ரெண்டுமே இருக்காது, அவ்வளவுதான்."

"நடுவுல தும்மிட்டேனேய்யா, அது எப்படிச் செல்லும்?"

"தும்மலைப் பத்திச் சட்டம் ஒண்ணும் சொல்லலை சார்."

எந்தப் புண்ணியவான் இப்படிச் சட்டம் போட்டான் என்று கத்தினேன். மயானக் குழு நகரமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது, கேள்வி கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் நன்றாக இருக்குமா என்றார். நியாயம்தான். ஆனால் அது என் தலையிலா விடிய வேண்டும்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அக்கா ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். "பாலம் கொண்டுவருவீங்கன்னு அனுப்பினா, சுடுகாட்டுக்குத் தலைவராகி வந்து நிக்கறீங்க" என்றாள். அதோடு பேச்சு நின்றது. பரணிலிருந்து பெட்டி இறங்கிவிட்டது. அது உன் வீட்டுக்குத்தான் வரும், அறையைக் காலி செய்து வை. கேலியை விடு மாப்பிள்ளை, ஒற்றை மெஷினோடு அவள் தொடங்கிய கடை அது. சாயங்காலம் அவள் மெஷின்களைத் துணி போட்டு மூடுகிற நேரத்தில் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

ஆகவே அந்த உறுதிமொழி செல்லாது, நான் ஒரு கணம்கூட மயானக் குழுத் தலைவராக இருந்ததில்லை என்று உடனே வழக்குப் போடு. வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, விவரத்தையும் சொல்லி உன் குமாஸ்தாவிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். தும்மலை எழுத மறக்காதே. என் கடை வாடகை வழக்கை இழுத்த மாதிரி இதையும் இழுக்காதே. அதைத் தாக்கல் செய்தபோது பிறந்த உன் மகன் இப்போது சவரம் செய்துகொள்கிறான்.

சவரம் செய்துகொள்பவனுக்கும் அவன் தங்கைக்கும் என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். உனக்கான ஆசியை வழக்கு முடிந்ததும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் தயவில் முன்னாள் கவுன்சிலரான
அத்தான்

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்யாதே! கடிதத்தைத் தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நேற்று மயானக் குழுக் கூட்டம். தலைவிதியே என்று போய் உட்கார்ந்தால் எழுத்தர், "தலைவர் இல்லாம ரொம்ப நாளா நிக்குது சார்" என்று எதையோ நீட்டினார். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பாலத்துக்காக மதிலை இடிக்கும் அனுமதி! இத்தனை காலம் அடுத்த அறையில் நான் தொண்டை கிழியக் கத்தியது இங்கே யார் காதிலும் விழவில்லை. இங்கே வந்து ஒரு கையெழுத்துப் போட்டேன், முடிந்தது. சாயங்காலமே நகரமன்றத்தில் பாலத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. முன்மொழிந்ததே சிமெண்ட் கடைக்காரர்தானாம். நான் இல்லாத சபையில் அவருக்கு ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? இன்று காலை மதிலை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். உன் அக்கா கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சுடுகாட்டுக்குப் போயாவது ஒரு காரியம் உருப்படியா பண்ணினீங்களே" என்றாள். பேசிவிட்டாள் மாப்பிள்ளை! பெட்டியும் பரணுக்கு ஏறிவிட்டது.

இப்போது எனக்கு இருக்கிற ஒரே பயம் நீதான். நான் தலைவரே இல்லை என்று நீ கோர்ட்டில் ஜெயித்துத் தொலைத்தால் என் கையெழுத்து செல்லாது, பாலமும் பாதியில் நிற்கும். சொல்லலாம் என்றால் உன் போன் காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. வழக்கை இன்னும் போடாவிட்டால் போடாதே. போட்டுவிட்டாயானால், உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், என் கடை வழக்கை எப்படி நடத்துகிறாயோ அப்படியே இதையும் நடத்து.