வீடு யார் பாடு?

தன் வீட்டைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றியே தீருவது என்று தேசப்பன் சபதம் எடுத்த அன்று, லைட்ஹவுஸ் குப்பத்தில் திருடர் என்று சொல்லத்தக்கவர் எவருமில்லை. அண்மையில் காணாமற்போன பொருள் ஒன்றே ஒன்று: சீனிவாசன் வீட்டு அலுமினியக் குடம். அதுவும் மறுநாளே அவருடைய மாமியார் வீட்டில் அகப்பட்டது. ஆனால் இத்தகைய சபதத்துக்குத் திருடன் தேவையில்லை. மனைவி வெளியே புறப்பட்டால் போதும்.

திரௌபதி புறப்படத்தான் இருந்தாள். கருவாட்டுத் தொக்குக் கிளறுவதில் அந்தக் கரையில் அவளுக்கு நிகரில்லை. அவளுடைய தோழி, பழவேற்காட்டுப் பரீதா, பொன்னேரி ரயில் நிலையத்துக்கு அருகே சிறிய கடையொன்றைப் பிடித்திருந்தாள். கருவாடும் தொக்கும் விற்பது, இருவரும் பங்காளிகளாவது என்று பேச்சு. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பலாம்.

தேசப்பனுக்குக் கடையின்மேல் விரோதம் ஏதுமில்லை. கடலிலிருந்து கரையேறி வந்து கையைக் கழுவியதும், ஆவி பறக்கும் குழம்புச் சோறு தட்டில் இருக்க வேண்டும். அவன் கேட்டது அவ்வளவே. கல்யாணமான நாள்முதல் அது அங்கே இருந்திருக்கிறது. அது இல்லாத உலகத்தைக் கற்பனை செய்து பார்த்தான். கண் கலங்கிற்று. இந்த உண்மையை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே, இல்லாத திருடர்களைத் துணைக்கு அழைத்தான்.

"வூட்டை இன்னாமே பண்றது? பொண்ணையும் கட்டிக் குடுத்தாச்சு. நான் கடல்ல இருக்கறப்ப எவனாவது உள்ள பூந்துட்டா?"

"பூந்து இன்னாத்த எடுப்பான்? உன் பனியனையா?"

"கருவாட்டுக் கூடை கீது. டிவி கீது. பீரோ கீது."

"பீரோ கதவே சாத்த மாட்டேங்குது."

"அதத்தாம்மே நானும் சொல்றேன். பாதுகாப்பே இல்ல."

திரௌபதி முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியைப் புரட்டிப் போட்டாள். கணவன் பேசும்போது அவள் மீனைப் புரட்டினால், எதையோ யோசிக்கிறாள் என்று பொருள்.

"நீ சொல்றதும் நாயம்தான்யா. ஒரு கேமரா வாங்கி மாட்டு. இப்பல்லாம் நாமளே மாட்டிக்கலாமாம். ஆளும் வர வேணாம், மாசா மாசம் கட்டவும் வேணாம். பரீதா வூட்டுக்காரரு கடையிலயே கொறஞ்ச வெலைல கெடைக்குதாம்."

இந்தத் திசையிலிருந்து காற்றடிக்கும் என்று தேசப்பன் எதிர்பார்க்கவில்லை. எனினும் அவனுடைய மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. இருப்பதிலேயே மலிவான பெட்டி. மாட்டுவதோ தான். வீசுவதோ உப்புக் காற்று. இம்மூன்றையும் சேர்த்தால் அந்தக் கருவி எத்தனை நாள் உயிரோடிருக்கும்? அது செத்த பிறகு, "பாத்தியா, வூட்டுக்கு ஆளுதான் வேணும்" என்று சொல்லிவிடலாம்.

"மாட்டிடறேன்" என்றான், பெருந்தன்மையோடு. "ஒரு வாரம் நீ கடைக்குப் போ. பெட்டி வூட்டைக் காப்பாத்திச்சினா கடை உனக்கு. ஒரு சாமான் காணாம போச்சுனாலும் கடை கெடையாது."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் யாரு?"

"அதனாலதான் கேக்கறேன்."

பரீதாவின் கணவர் ஜலீல், பழவேற்காட்டுக் கடைத்தெருவில் செல்போன் பழுதுபார்ப்பவர். பொறுமைசாலி. மூன்று வகைகளை மேசைமேல் பரப்பினார். முதல் வகைக்குச் சுவரெல்லாம் துளையிட்டு வயர் இழுக்க வேண்டும். இரண்டாவதற்குக் கம்பெனிக்காரர் வந்து மாட்டுவார். பிறகு மாதந்தோறும் வசூலுக்கும் வருவார். மூன்றாவது எளியது. ஒரு கேமரா, கதவில் ஒட்டும் காந்தம், அலறுவதற்கு ஒரு மணி. எல்லாவற்றையும் வீட்டுக்காரரே பொருத்திக்கொள்ளலாம்.

வலை வாங்குபவன் முதலில் கண்ணளவைப் பார்ப்பான். தேசப்பனும் பார்த்தான்.

"இதுக்கு எத்தினி கண்ணு பாய்?"

"கேமராவுக்கு ஒரு கண்ணுதாண்ணே."

"ஒரே கண்ணு வெச்ச வலையில எந்த மீன் மாட்டும்?"

"அது எதையும் மாட்டாதுண்ணே. நீங்கதான் அதை மாட்டணும்."

"செரி, இந்த மணி?"

"கதவைத் தொறந்தா பாடும்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் எவரும் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறைவைத்துப் பிரித்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாட்டில் மற்றவர் வலை போட்டால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். ஆகவே, பாடும் என்றதும் தேசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"யாரு பாட்டுல?"

"யாரு பாட்டுலயும் இல்லண்ணே. அதும் பாட்டுக்குப் பாடும்."

தேசப்பனுக்கு அது விளங்கவில்லை. விளங்காததை ஒப்புக்கொள்வதும் அவனுக்கு வழக்கமில்லை.

"வெளிய மாட்டாதீங்க, உப்புக் காத்து தின்னுடும்" என்றார் ஜலீல். "கூடத்துல, கதவைப் பாத்த மாதிரி வெச்சிடுங்க. சிம் போட்டா போதும். அப்புறம் இந்தக் கேமராவுல இன்னொரு விசயம் இருக்குண்ணே..."

"போதும் பாய். சாஸ்தி சொன்னா மறந்துபூடுவேன். இருக்கறதுலயே மட்டமானது இதானே?"

"வெலை கம்மி. மட்டம் இல்ல."

"பரவால்ல, குடு."

கேமராவைப் பார்ப்பதற்கான செயலியை ஜலீல் திரௌபதியின் போனில் ஏற்றிக் கொடுத்தார். தேசப்பனுடையது பட்டன் போன். பிளாஸ்டிக் உறைக்குள் கடலுக்குப் போய்வரும் போன். அதில் எதையும் ஏற்ற முடியாது.

விரைவில் கெட்டுப்போகும்படி மாட்டுவது என்ற திடமான எண்ணத்தோடுதான் அவன் ஏணியில் ஏறினான். கை இணங்கவில்லை. பசைநாடாவால் ஒட்டினால் போதுமென்று பெட்டியில் எழுதியிருந்தது. அவனோ வலைக்கயிறு எடுத்து, புயலடித்தாலும் நெகிழாத முடிச்சொன்றைப் போட்டுவிட்டான். அவிழும்படி முடிச்சுப் போட அந்தக் கைகள் பழகியதில்லை. மணிப்பெட்டியைத் தன் போனைப் போலவே பிளாஸ்டிக் உறையில் சுற்றி, வாயை மட்டும் திறந்துவைத்தான். கீழே இறங்கிப் பார்த்தபோது கவலை பிடித்தது. வேலை மிக நன்றாக அமைந்திருந்தது.

முதல் நாளே பெட்டி ஒருவனைப் பிடித்தது. பிடிபட்டவன் தேசப்பன். கடலிலிருந்து பசியோடு வந்தவன் மறதியாகக் கதவைத் தள்ளினான், மணி பாடியது. தெரு முழுவதும் துடுப்பும் கழியுமாக ஓடிவந்தது. பிறகு சிரிப்பதற்காக அங்கேயே நின்றது.

மறுநாள் பூனை வந்தது. ஆண்டுக்கணக்காகத் திரௌபதியின் நெத்திலியில் வரி வசூலித்துவந்த பூனை அது. கதவிடுக்கில் தலையை நுழைத்தது, மணி பாடியது. அந்தப் பூனையை அதன்பின் எவரும் பார்க்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அவனுடைய கூட்டாளி பூபதி சொன்னான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, "எங்க வூட்டுக்கும் இந்த மாதிரி ஒண்ணு கட்டிக் குடுண்ணா" என்று கேட்டார்கள். தேசப்பனுக்குப் பெருமையாகவும் இருந்தது. வயிறு எரியவும் செய்தது. எரிந்த வயிற்றுக்குள் ஆறிய குழம்புதான் இறங்கியது.

வாரத்தின் கடைசி நாளும் வந்துவிட்டது. ஒரு சாமானும் காணாமற்போகவில்லை. இன்று மாலை திரௌபதி சிரித்துக்கொண்டு வருவாள், கடை அவளுடையதாகிவிடும். திருடன் தானாக வராவிட்டால் வரவழைப்பதே வழி என்று தேசப்பன் தெளிந்தான். பகல் வேளையில் பூபதியைக் கூப்பிட்டான். பூபதி பக்கத்து வீட்டுக்காரன். ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவன். திரௌபதியைத் தங்கச்சி என்று அழைப்பவன். தேசப்பன் எதைச் சொன்னாலும் நம்புகிறவன்.

தேசப்பன் மணியின் பேட்டரியைக் கழற்றினான். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கேமராவுக்கு முக்காடு போட்டான்.

"கண்ணைக் கட்டியாச்சு. இப்ப இது குருட்டுப் பெட்டி. இன்னா புரியுதா?"

"புரியுது மச்சான். நான் இன்னா பண்ணணும்?"

சூழ்ச்சி செய்கிறவர்கள் மெல்லப் பேச வேண்டும் என்பது எளிய விதி. இவர்களோ படகின் இரு முனைகளில் நின்று, இன்ஜின் சத்தத்துக்கும் காற்றுக்கும் மேலாகக் கூவிப் பழகியவர்கள். இருவருக்கும் இடையே இப்போது இருந்தது ஒரு பாய் மட்டுமே. ஆயினும் அவர்கள் நடுக்கடலில் பேசுவதுபோலவே பேசினார்கள்.

"கருவாட்டுக் கூடையைத் தூக்கிம்போயி உன் வூட்டுல வெச்சிடு! அவ வந்ததும் நான் தலையில கைய வெச்சிக்கினு, 'ஐயோ, போச்சே'னு குந்திக்குவேன்!"

"தங்கச்சிக்குத் தெரிஞ்சா?"

"எப்பிடித் தெரியும்? அவ பொன்னேரில கீறா!"

"பாவம் மச்சான். கடை கடைனு எவ்ளோ ஆசையா கீது."

"எனக்குச் சுடுசோறுனா ஆசை இல்லியா? தூக்குடா!"

பூபதி கூடையைத் தூக்கித் தலையில் வைத்தான். அப்போது, முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது.

"பூபதிண்ணே, கூடையைக் கீழ எறக்காதீங்க."

பூபதி கூடையோடு முழங்காலில் விழுந்தான்.

"மச்சான்! அம்மன் பேசுது! திரௌபதியம்மன்!"

தேசப்பனின் முகம் கருவாடாய்ச் சுருங்கியது. "அம்மன் இல்லடா" என்றான் ஈனக்குரலில். "அம்மனா இருந்தா பூசை போட்டுச் சமாளிச்சிடலாம்."

ஜலீல் சொல்ல வந்த அந்த இன்னொரு விசயம் இதுதான். பெட்டிக்குக் கண் ஒன்று. காதும் உண்டு, வாயும் உண்டு.

"தூக்குனது தூக்கிட்டீங்க" என்றது முக்காடு. "அப்பிடியே பஸ் ஏறிப் பொன்னேரிக்குக் கொண்டாந்துடுங்க. இங்க கருவாடு தீந்துபோச்சு, ஜனம் நிக்குது. யோவ், நீயும்தான். மூலையில தொக்கு டப்பா கீது பாரு. அதைத் தூக்கினு வா. அந்தத் துண்டையும் எடு, கேமராவுக்கு மூச்சு முட்டுது."

திருடப்போனவர்கள் இருவரும் சுமைகூலிகளாகப் பழவேற்காட்டில் பஸ் ஏறினார்கள். வழி முழுவதும் பூபதி பேசவில்லை. பெட்டிக்குக் கேட்டுவிடுமோ என்ற பயம்.

கடையில் மெய்யாகவே கூட்டம் நின்றது. ரயிலுக்குப் போகிறவர்கள், காய்கறிப் பையோடு வந்த பெண்கள், தொக்கின் வாசனைக்காகவே நின்றவர்கள். பரீதா பொட்டலம் கட்டினாள். திரௌபதி தராசைப் பிடித்திருந்தாள். ஒருவர் பாக்கி வாங்கிக்கொண்டு, "நாளைக்கும் இருப்பீங்களாம்மா?" என்று கேட்டார். திரௌபதி தராசைக் கீழே வைத்தாள். டப்பாவோடு வாசலில் நின்ற கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை. ஆசை மட்டுமே இருந்தது.

தேசப்பன் அவளை முதன்முறையாகத் தராசுக்குப் பின்னால் பார்த்தான். அவனுக்குள் ஏதோ நெகிழ்ந்தது. எனினும் கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருந்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை.

"பந்தயம் இன்னா? சாமான் காணாம போனா கடை கெடையாது. கூடை வூட்டை விட்டுப் போச்சா, இல்லியா?"

"போச்சு."

"அப்போ திருட்டுதானே?"

"திருட்டுதான். திருடனைப் பெட்டி புடிச்சிடுச்சே. ஒண்ணுக்கு ரெண்டா. சாமானும் ஒரு நெத்திலி கொறையாம கடைக்கு வந்து சேந்துடுச்சு. அதைவிட எப்பிடிய்யா காப்பாத்தும்?"

பரீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூபதி, "நாயம்தான் மச்சான்" என்றான். திரௌபதி ஒரு தட்டில் சுடுசோறும் தொக்கும் போட்டுக் கணவன் கையில் கொடுத்தாள். ஆவி பறந்தது.

"இத்தினி வருசம் வூடு என் பாடு. நீ ஒரு நாள் உள்ள வலை போட்டியா? இல்ல. இப்ப முறை மாறுது. இனிமே வூடு உன் பாடு, கடை என் பாடு. ஒருத்தர் பாட்டுல இன்னொருத்தர் கை வெக்கக் கூடாது. உங்க ஏரிச் சட்டம்தானே?"

ஏரிச் சட்டத்துக்கு எதிராக வாதிட்ட மீனவன் எவனுமில்லை. மேலும் வாய் நிறையச் சோறு இருந்தது. கேள்வி கேட்டு நின்றவரைப் பார்த்துத் தேசப்பனே பதில் சொன்னான்:

"நாளைக்கும் இருப்பாங்க. தெனமும் இருப்பாங்க."

மறுநாள் கரையேறி வந்தவன், மறக்காமல் மணியை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கதவோரத்து அடுப்பைப் பற்றவைத்தான். புளி கரைத்தான். மீன் கழுவினான். குழம்பு கொதித்தபோது குனிந்து முகர்ந்தான்; ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினான். மோசமில்லை. உண்மையாகவே மோசமில்லை. இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தான். கூடத்துச் சுவரைப் பார்த்து, "இன்னாமே, எப்பிடி நம்ம கைவரிசை?" என்று உரக்கக் கேட்டான்.

பெட்டி சற்று யோசித்தது.

"நல்லாத்தான் இருக்கும். மொதல்ல உன் துண்டைக் கொழம்புல இருந்து எடு."